முதல் பக்கத்தில் ஒரு தேதி

வளைகுடா நகரம் ஒன்றில் இந்தியத் தூதரக வேலைகளுக்கான கவுன்ட்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட் புதுப்பிப்பது, சான்றொப்பம் என்று எல்லாமே என் கையைத் தாண்டித்தான் போகும். இருந்தாலும் மனதில் நிற்பது பிறப்புப் பதிவுக்கு வந்தவர்கள்தான்.

அந்த வரிசையைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். நாற்பது நாள் பிள்ளை பசிக்கு அழும். பால் புட்டியும் பைலுமாக அப்பா நிற்பார். கையெழுத்துப் போடத் தெரியாத விண்ணப்பதாரர் என்பதால் பிள்ளையின் கட்டைவிரல் ரேகையை வாங்க வேண்டும். இறுக்கி மூடிய அந்தக் கையை அம்மா ஒவ்வொரு விரலாக விரிப்பார். மை பட்டதும் பிள்ளை மறுபடி மூடிக்கொள்ளும். ரேகை தெளிவாக விழுவதற்குள் இரண்டு மூன்று தாள் வீணாகும். ஒருநாளும் நான் அவசரப்படுத்தியதில்லை.

அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பர்த் சர்ட்டிபிகேட் வாங்கியாச்சே சார், அப்புறம் எதுக்கு எம்பசியில பதிவு?”

நியாயமான கேள்விதான். அந்த நாட்டுச் சான்றிதழ், பிள்ளை அங்கே பிறந்தது என்று மட்டும்தான் சொல்லும். வளைகுடா நாடுகளில் பிறந்ததாலேயே குடியுரிமை வந்துவிடாது. அப்பாவும் அம்மாவும் இந்தியர்கள், அதனால் பிள்ளை தானாகவே இந்தியன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியது. 1992 டிசம்பர் 10க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அப்பா இந்தியராக இருந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை. அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்கு இருவரில் ஒருவர் போதும். பெற்றவளைக் கணக்கில் எடுக்க இவ்வளவு காலம் ஆனதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. பிறந்து ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பதிவு செய்ய வேண்டும். வருடம் கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவை. பதிவு இல்லையென்றால், இரண்டு பக்கமும் இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் பிள்ளை இந்தியக் குடிமகன் இல்லை. கூடவே, பிள்ளையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். “அமெரிக்காவில இருக்கிற என் தங்கச்சி இதெல்லாம் செய்யலியே” என்பார்கள். அங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பொதுவாகப் பிறந்தவுடனே அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிடுகிறது. அந்த பாஸ்போர்ட்டை எடுத்தவர்களுக்கு, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டை என்று வேறு வழி இருக்கிறது. வளைகுடாவில் பிறந்த நம் பிள்ளைக்கோ இந்தப் பதிவு ஒன்றுதான் வழி.

சரி, சட்டம் இவ்வளவுதான். கவுன்ட்டரில் உயிரை வாங்குவது பெயர்.

படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பிள்ளைக்கு எதைப் போடுவது, அப்பா பெயரா, தாத்தா பெயரா? கணவனும் மனைவியும் கவுன்ட்டர் முன்னாலேயே பேசி முடிவெடுப்பார்கள். பின்னால் வரிசை நீளும். என்றாலும், அந்தப் பேச்சை நான் இடையில் நிறுத்த மாட்டேன். அங்கே எழுதுவதுதான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் கூடவே போகப்போகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்து. அங்கே பிறப்புச் சான்றிதழ் அரபியில் எழுதி ஆங்கிலத்துக்குப் போகிறது. அரபியில் ‘பல்’ என்பதில் வரும் ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. ‘பஸ்’ என்பதில் வரும் ஒலிக்குத்தான் உண்டு. அதனால் பழனி, பாண்டி, பெருமாள் என்று தொடங்கும் பெயரெல்லாம் அரபிக்குள் போய் ஆங்கிலத்தில் திரும்பும்போது பல்லின் எழுத்தான P-க்குப் பதில் பஸ்ஸின் எழுத்தான B-யோடு வந்து நிற்கும். தமிழில் எழுதிக் காட்டினால் இரண்டும் ஒரே ‘ப’தான். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை. பாஸ்போர்ட்டோடு ஒப்பிடும் அதிகாரிக்கு மட்டும் அது வேறு ஆள். ‘ழ’ வரும் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என்னால் மறக்க முடியாத தவறும் இந்த எழுத்தில்தான் நடந்தது.

ஒரு கட்டடத் தொழிலாளி. கம்பெனி மாறும்போது விசா சிக்கலாகி, அது தீர்ந்து பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரவே பத்து மாதம் ஆகியிருந்தது. மனைவியையும் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். சான்றிதழில் அவர் பெயரின் முதல் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. “இதைத் திருத்திட்டு வாங்க தம்பி” என்று பைலைத் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி அது சரியான பதில்தான். “சரிண்ணே” என்று தலையாட்டிவிட்டுப் போனார். பிறந்த தேதியை நான் பார்க்கவே இல்லை.

திருத்திய சான்றிதழோடு அவர் திரும்பி வந்தபோது குழந்தைக்கு ஒரு வயதும் மூன்று வாரமும். முதல்முறை வந்தபோது வருடம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அன்றே பைலை மேலதிகாரியிடம் கொண்டுபோய், பதிவுக்கு எடுத்துக்கொண்டு திருத்தத்துக்கு அவகாசம் தரலாமா என்று கேட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம், “இந்தத் தேதிக்குள்ள வந்துடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர் சண்டை போடவில்லை. “நீங்க சொன்ன மாதிரி திருத்திட்டுத்தானே வந்தேன்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மத்திய அரசின் அனுமதிக்கு எழுதினோம். தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லும் கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அனுமதி வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் குழந்தைக்குப் பாஸ்போர்ட் இல்லை, ஊருக்குப் போக வழியில்லை. கிடைத்த விடுப்பில் அவர் மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தார். பேத்தியை எதிர்பார்த்திருந்த பாட்டிக்குப் போனில்தான் முகம் காட்டினார்களாம்.

அதன் பிறகு என் வழக்கம் மாறியது. எந்த பைல் வந்தாலும் முதலில் பிறந்த தேதியைப் பார்ப்பேன். ஒரு வருடம் முடியும் நாளைக் கணக்கிட்டு முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதி வட்டம் போடுவேன். குறை இருந்து திருப்பிக் கொடுத்தால், அதே தேதியைப் பெற்றோர் கையில் இருக்கும் தாளிலும் எழுதித் தருவேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அனுமதி வந்த அன்று அவர்கள் மூவரும் வந்தார்கள். குழந்தை நடந்தே வந்தாள். ரேகைக்கு நான் மைப்பெட்டியைத் திறந்ததும், யாரும் விரிக்காமலேயே கையை நீட்டினாள். பதிவேட்டில் எழுதும் முன் அவள் அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல, பாஸ்போர்ட்டை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தேன். முதல் எழுத்தை மட்டும் இரண்டு தடவை.