பனியாற்றுக் கயிறு: கோலாலம்பூரில் இருந்தே தயாராவது எப்படி

நியூசிலாந்தில் பனியாற்றுப் பயிற்சிக்குப் போகிறேன், முடிச்செல்லாம் அத்துப்படி, வேறென்ன படிக்கணும் என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். முடிச்சைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கடைசி நாள் தேர்வில் என்னிடம் முதலில் கேட்டதே "இரண்டு பேர், 50 மீட்டர் கயிறு, எப்படிப் பிரிப்பாய்?" என்பதுதான்.

எவரெஸ்ட் என்றதும் நமக்கு 1997-இல் உச்சி தொட்ட மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் நினைவுக்கு வருவார்கள். அந்த வழியில் கும்பு பனிவீழ்ச்சியில் (பனியாறு உடைந்து சரியும் இடம்) முன்கூட்டியே கட்டி வைத்த கயிற்றில் மாட்டிக்கொண்டு போகலாம். பனியாற்றுப் பயிற்சியில் அப்படி எதுவும் கிடையாது, பனிப் பிளவுக்குள் விழுந்தால் உங்களைப் பிடிக்கப்போவது கூட வருகிறவரின் உடம்புதான். நான்கு பேர் என்றால் ஆளுக்காள் இடைவெளி 10 மீட்டர் போதும், இரண்டே பேர் என்றால் 15 முதல் 20 வரை வேண்டும். 50 மீட்டரில் நடுவே 20 விட்டால் மீட்புக்கு ஆளுக்கு 15 மீட்டர் மிஞ்சும், ஆனால் விழுந்தவர் அதைவிட ஆழத்தில் தொங்கினால் எட்டாது. 15 விட்டால் ஆளுக்கு 17.5, ஒற்றையாக இறக்கி 3:1 இழுவை (பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலத்தில் இழுக்கும் கப்பி அமைப்பு) போடலாம். மடித்து வளையமாக இறக்குவதற்கு இரண்டு மடங்கு கயிறு வேண்டும் என்பதால் அது இங்கே நடக்காது.

ஏற்கெனவே இறுகியிருக்கும் கயிற்றையே இழுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அது விளிம்புப் பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்திருக்கும். அதோடு இரண்டு பேர் குழுவில் நடுக்கயிற்றில் பட்டர்ஃபிளை முடிச்சுகள் போட்டிருப்போம், விழும்போது பனியில் சிக்கி நிறுத்துவதற்காக. அதே முடிச்சுதான் அப்புறம் மேலே இழுக்க விடாது, அதனால்தான் மிச்சக் கயிறு இருவரிடமும் இருக்கணும். முடிச்சுகள் விழுங்கும் கயிற்றையும் கணக்கில் சேருங்கள்.

பத்துமலையில் பாறை ஏறிப் பழகியவர்களுக்குக் கயிற்றைத் தளரவிடுவது சகஜம், பனியாற்றில் அது ஆகாது, தளர்ந்த ஒவ்வொரு மீட்டரும் விழும் தூரத்தில்தான் சேரும். கொண்டோ கார் பார்க்கில் நண்பரோடு கயிறு கட்டித் தூண்களைச் சுற்றி நடந்து பாருங்கள். நேர் கோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், முன்னால் போகிறவர் தூணில் திரும்பியதும் கயிறு தொய்ந்து தரையில் கிடக்கும், பின்னால் வருகிறவர் அந்த நொடியே நடையைக் குறைக்கணும். இதைத் தடித்த கையுறையோடு செய்யுங்கள், புரூசிக் (பாரம் ஏறினால் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சு) போடுவதையும் அப்படியே. காவலுக்கு நிற்கும் ஜாகா ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கயிற்றை எப்போது கழற்றுவாய் என்றும் கட்டாயம் கேட்பார்கள். மேல்பனி இல்லாத வெறும் ஐஸில் பிளவுகள் கண்ணுக்குத் தெரியும், தெரியாமல் விழும் பயம் குறைவு; சரிவும் செங்குத்தாக இருந்து நங்கூரமும் (கயிற்றை ஐஸில் பிடித்து நிறுத்தும் பிடிமானம்) போடவில்லை என்றால் ஒருவர் வழுக்கினாலே மற்றவரும் போய்விடுவார், அங்கே ஒன்று நங்கூரம் போடணும், இல்லை கயிற்றைக் கழற்றணும்.