ஜாவா 8-இலிருந்து 17-க்கு: மூன்று நாள்களை விழுங்கிய ஒரு சான்றிதழ்

எங்கள் பழைய செயலியை ஜாவா 8-இலிருந்து 17-க்கு மாற்றும் வேலை நேற்றிரவுதான் முடிந்தது. ஓப்பன்ஜேடிகே என்ற ஒரே திறமூலத்திலிருந்து டெமுரின், கொரெட்டோ, ஸூலு எனப் பல ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவி) தொகுப்புகள் வெளிவருகின்றன. நான் டெமுரினை எடுத்தேன். நிறுவப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை.

முதல் முட்டுக்கட்டை, நிரலைத் தொகுக்கும் கருவியான மேவனில் வந்தது. முனையத்தில் பதிப்பைக் கேட்டால் 17 என்றே காட்டியது. ஆனால் மேவனோ, 17 செல்லாத இலக்கு என்று நின்றுவிட்டது. ஜாவா எந்தக் கோப்புறையில் இருக்கிறது எனச் சொல்லும் ஜாவாஹோம் என்ற சூழல் மாறி (வேரியபிள்) இன்னும் பழைய கோப்புறையையே சுட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். மேவனிடம் அதன் பதிப்பைக் கேளுங்கள். எந்த ஜாவாவில் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். ஜாவா 11-இல் நீக்கப்பட்ட ஜாக்ஸ்பி என்ற எக்ஸ்எம்எல் நூலகத்தைத் தனிச் சார்பாக (டிபென்டென்சி) சேர்த்ததும் நிரலைத் தொகுத்தல் (கம்பைல்) முடிந்தது.

உண்மையான அலைச்சல் அதன் பிறகுதான். உள் சேவையகம் ஒன்றுடன் இணையும்போதெல்லாம், அதன் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ்ச் சங்கிலியை உறுதிசெய்ய முடியவில்லை என்ற பிழை வந்தது. பழைய ஜாவாவில் அதே முகவரி தடையின்றி வேலை செய்ததால், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் பதிப்பையும் ஃபயர்வாலையும் சந்தேகித்து இரண்டு நாள்களை வீணாக்கினேன். மூன்றாம் நாள், ஜாவா நம்பும் சான்றிதழ்கள் அடங்கிய கேசெர்ட்ஸ் கோப்புகளை இரு தொகுப்புகளிலும் கீடூல் என்ற ஜாவா கருவியால் பட்டியலிட்டு ஒப்பிட்டபோது, பழையதில் மட்டும் எங்கள் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் இருந்தது. யாரோ பல ஆண்டுகளுக்கு முன் கையால் சேர்த்துவிட்டு எங்கும் குறித்துவைக்காமல் போயிருக்கிறார்; ஒரு வரி எழுதிவைத்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

ஒவ்வொரு தொகுப்பும் தன் கேசெர்ட்ஸைத் தானே கொண்டுவருகிறது. பழையதில் சேர்த்தவை தாமாகப் புதியதற்கு வந்துவிடா. அதற்காகப் பழைய கோப்பை அப்படியே நகலெடுத்து மேலே போட்டுவிடாதீர்கள், காலாவதியான மூலச் சான்றிதழ்களும் கூடவே வந்துவிடும். எந்தச் சான்றிதழ்க் கோப்பை நம்புவது என ஜாவாவுக்குச் சொல்லும் டிரஸ்ட்ஸ்டோர் அமைப்பில் நம் சான்றிதழ் மட்டும் உள்ள கோப்பைக் கொடுப்பதும் தவறு, ஏனெனில் அப்போது ஜாவா தன் இயல்பான பட்டியலைப் பார்ப்பதே இல்லை. வெளி இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். புதிய கேசெர்ட்ஸின் நகலை ஜேடிகே கோப்புறைக்கு வெளியே வைத்து, அதில் நம் சான்றிதழைச் சேர்த்து, டிரஸ்ட்ஸ்டோர் அமைப்பில் அந்த நகலைச் சுட்டினேன்.

இன்று காலை இரண்டாவது சேவையகத்திலும் இதே முறையில் செய்தேன். முதல் முயற்சியிலேயே இணைப்பு கிடைத்தபோது, மூன்று நாள்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டேன்.