உலாவிக்கு மட்டும் தெரியாத பிரிண்டர்

லிப்ரே ஆபீஸில் தட்டச்சு செய்த கடிதம் அச்சாகிறது. பிடிஎஃப் கோப்பைத் திறந்து அச்சிட்டால் அதுவும் வருகிறது. உலாவியில் ‘கண்ட்ரோல் பி’ அழுத்தினால் மட்டும், பிரிண்டர் இருக்க வேண்டிய பட்டியலில் ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்ற ஒரே வரி நிற்கிறது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. பக்கத்து மேசையில் பச்சை விளக்கு எரிய, காகிதம் நிரம்பி, பிரிண்டர் தயாராக இருக்கிறது.

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய என் மேசைக் கணினியில் இது நடந்தது. எங்கள் வீட்டில் அச்சிட வேண்டியவற்றில் பாதிக்கு மேல் உலாவியில்தான் இருக்கும்: ரயில் டிக்கெட், மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் தேர்வு நுழைவுச்சீட்டு. பிடிஎஃப் ஆகச் சேமித்து, வேறொரு செயலியில் திறந்து அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது உண்மைதான். பலரும் அப்படியே பழகிப்போய்விடுகிறார்கள். எனக்கு அதற்கு மனம் ஒப்பவில்லை. லினக்ஸில் அச்சிடுவது என்றாலே தொல்லை என்ற பழைய எண்ணம் இப்படிப்பட்ட சின்னச் சின்னச் சமாளிப்புகளால்தான் இன்னும் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தச் சிக்கலை யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கும் யோசனை, ‘டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்’ என்பது. இதைப்போல நேரத்தை விழுங்கும் யோசனை வேறில்லை. டிரைவர் இல்லாமலே அச்சிடுவதற்கான முறையாக 2010இல் ஏர்பிரிண்ட் வந்தது. 2013இல் அதே நோக்கத்துடன் ஐபிபி எவ்ரிவேர் வந்தது. அதற்குப் பிறகு விற்பனைக்கு வந்த வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவரே தேவையில்லை. தன்னால் எந்த அளவுத் தாளில் அச்சிட முடியும், வண்ணம் உண்டா, இருபக்கமும் அச்சிடுமா என்பதையெல்லாம் பிரிண்டரே கணினியிடம் சொல்லிவிடும். அதைவிட முக்கியமாக, லிப்ரே ஆபீஸ் அச்சிடுகிறது என்றால் டிரைவர், கம்பி, வைஃபை, மை எல்லாம் சரியாக இருக்கின்றன என்று பொருள். கோளாறு அவற்றைத் தாண்டி எங்கோ இருக்கிறது.

எங்கே என்று தேட, அச்சிடும் வேலை போகும் வழி தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் எந்தச் செயலியும் பிரிண்டருடன் நேரடியாகப் பேசுவதில்லை. அச்சு வேலைகளை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் கப்ஸ் நடுவில் இருக்கிறது. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999இல் வெளியிட்ட மென்பொருள் அது. மேக் கணினிகளிலும் அச்சுப்பணியைப் பார்ப்பது அதுவே. லினக்ஸுக்கான கப்ஸை இப்போது ஓபன்பிரிண்டிங் குழு பராமரிக்கிறது. செயலி கப்ஸிடம் ‘யார் யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்கும். கப்ஸ் பட்டியலைத் தரும். ஆக, பிரிண்டர் காணவில்லை என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கப்ஸுக்குத் தெரியவில்லையா, அல்லது கப்ஸுக்குத் தெரிந்தும் உலாவிக்குப் போய்ச் சேரவில்லையா?

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில், பிரிண்டர் பட்டியலைக் காட்டும் எல்பிஸ்டாட் கட்டளைக்கு ‘இ’ என்ற தெரிவைச் சேர்த்து இயக்கினேன். பழைய குறிப்புகளில் ‘பி’ அல்லது ‘டி’ தெரிவுதான் இருக்கும். அவை கணினியில் நிரந்தரமாகப் பதிந்த அச்சு வரிசைகளை (பிரிண்டர் பதிவுகளை) மட்டுமே காட்டும். ‘இ’ சேர்த்தால், வலையமைப்பில் தானாகக் கண்டறியப்பட்ட பிரிண்டர்களும் வரும். என் பிரிண்டரின் பெயர் வந்தது. எல்பி கட்டளையால் ஒரு சிறு உரைக்கோப்பை அனுப்பினேன். தாள் வந்து விழுந்தது. கப்ஸ் நலமாக இருக்கிறது. எனவே பார்க்க வேண்டிய இடம் உலாவிக்கும் கப்ஸுக்கும் இடையே.

அடுத்த தடயம் அச்சு முன்னோட்டத்துக்குள்ளேயே இருந்தது. நான் பயன்படுத்துவது பயர்பாக்ஸ் வழிவந்த ஓர் உலாவி. முன்னோட்டத்தின் கீழ்ப்பகுதியில் ‘கணினியின் அச்சு உரையாடலைக் கொண்டு அச்சிடு’ என்று பொருள்படும் இணைப்பு ஒன்று, கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். அதைச் சொடுக்கினேன். வேறொரு சாளரம் திறந்தது. அதில் பிரிண்டர் பெயர் பளிச்சென்று இருந்தது! ஒரே உலாவி, ஒரே பக்கம். ஒரு பட்டியலில் இல்லாத பிரிண்டர் இன்னொரு பட்டியலில் இருக்கிறது. அவசரமாக அச்சிட வேண்டியவர்கள் இந்த இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது.

உலாவி எப்படி நிறுவப்பட்டது என்று பார்த்ததும் பாதி விளங்கிவிட்டது. டெபியனின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வந்ததன்று அது, செயலிகளைத் தனித்தனியே அடைத்து இயக்கும் ஃபிளாட்பேக் முறையிலான தொகுப்பு. ஃபிளாட்பேக் செயலி உள்ளே தாழிட்ட தனி அறையில் குடியிருப்பது போன்றது: எந்த ஜன்னல் திறந்திருக்கிறதோ அதன் வழியாகத் தெரிவதுதான் அதற்கு உலகம். அந்தச் சின்ன இணைப்பைச் சொடுக்கியதும் திறந்த உரையாடல் சாளரம், போர்ட்டல் எனப்படும் இடைத்தரகர் வழியாக, அந்த அடைப்புக்கு வெளியே இயங்குகிறது. வெளியே இருப்பதால் கணினியின் பிரிண்டர்கள் எல்லாம் அதற்குத் தெரிகின்றன. உலாவியின் சொந்த முன்னோட்டமோ உள்ளிருந்தபடியே கப்ஸைத் தேடுகிறது.

தொகுப்பின் அனுமதிகளைப் பார்க்க, ‘ஃபிளாட்பேக் இன்ஃபோ’ கட்டளைக்கு ‘ஷோ பெர்மிஷன்ஸ்’ தெரிவைச் சேர்த்து, தொகுப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். சாக்கெட் என்பது ஒரே கணினியில் இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயில். ‘சாக்கெட்ஸ்’ என்று தொடங்கும் வரியில் திரைக்கும் ஒலிக்குமான எக்ஸ்11, வேலண்ட், பல்ஸ் ஆடியோ எல்லாம் இருந்தன, கப்ஸ் இல்லை. உறுதிசெய்துகொள்ள, உலாவிக்குப் பதிலாக அதே அடைப்புக்குள் ஒரு ஷெல்லை (கட்டளை பெறும் நிரலை) திறந்து, ‘ரன்’ கோப்புறைக்குள் ‘கப்ஸ்’ கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தப் பெயரில் அங்கே எதுவுமே இல்லை. வெளியே இன்னொரு முனையத்தில் அதே கட்டளையை இயக்கினால், கப்ஸின் சாக்கெட் கோப்பு அதன் இடத்தில் இருந்தது. இரண்டு முனையங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஐயம் முழுவதும் தீர்ந்தது.

இருந்தாலும் ஒரு முடிச்சு மிச்சமிருந்தது. இதே உலாவியை இதே ஃபிளாட்பேக் தொகுப்பாக நிறுவிய நண்பர் ஒருவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஏன்? இதற்கான விடைதான் எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த சுவையான பகுதி. கப்ஸுடன் பேச செயலிகள் பயன்படுத்தும் நூலகம் முதலில் சாக்கெட் கோப்பைத் தேடும். அது கிடைக்காவிட்டால், தன் கணினியின் 631ஆம் டிசிபி போர்ட்டை, அதாவது வலையமைப்பு வழியாகப் பேசுவதற்கான எண்ணிட்ட வாசலை, தட்டிப் பார்க்கும். உலாவிக்கு வலையமைப்பு அனுமதி கட்டாயம் இருக்கும். ஆகவே சாக்கெட் தெரியாவிட்டாலும் போர்ட் வழியாகப் பட்டியல் கிடைத்துவிட வாய்ப்பு உண்டு. நண்பரின் கணினியில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. தொகுப்பில் ஒரு குறை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

என் கணினியில் அந்தப் போர்ட் மூடியிருந்தது. 2024 செப்டம்பரில் கப்ஸ் சார்ந்த பாதுகாப்புக் குறைபாடுகளை சிமோனே மார்கரிட்டெல்லி என்ற ஆய்வாளர் வெளியிட்டார். கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணைச் சேவை, அதே எண்ணுள்ள, ஆனால் வேறு வகையான யுடிபி 631ஆம் போர்ட்டில் யார் அனுப்பும் பொதியையும் நம்பி ஏற்றுக்கொண்டது. அந்தச் சேவையை நிறுத்திவைக்கும்படி அப்போது பரவலாக அறிவுறுத்தப்பட்டது. நானும் நிறுத்தினேன். கூடவே, கப்ஸின் இணையப் பக்கத்தை நான் திறப்பதே இல்லை என்பதால், கப்ஸ் அமைப்புக் கோப்பிலிருந்து டிசிபி போர்ட்டுக்கான ‘லிசன்’ வரியையும் எடுத்துவிட்டு, சாக்கெட்டுக்கான வரியை மட்டும் விட்டுவைத்தேன். என் கணினியில் பிரிண்டருக்கு நிரந்தர வரிசை இருக்கிறது. எல்பிஅட்மின் கட்டளையில் பிரிண்டரின் ஐபிபி முகவரியையும் ‘எவ்ரிவேர்’ என்ற மாதிரியையும் கொடுத்து உருவாக்கியது. அதனால் மற்றச் செயலிகள் எதுவும் பாதிக்கப்படவில்லை. சாக்கெட்டும் இல்லாமல் போர்ட்டும் இல்லாமல் நின்றது உலாவி மட்டுமே.

இங்கே இரண்டு வழிகள் இருந்தன. போர்ட்டைத் திறந்துவிடலாம்; அல்லது உலாவிக்கு சாக்கெட் அனுமதி தரலாம். இரண்டாவதே சரி என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரு தொகுப்பில் விட்டுப்போன அனுமதிக்காகக் கணினியில் பொதுவாக ஒரு போர்ட்டைத் திறந்துவைப்பது முறையன்று. ‘ஃபிளாட்பேக்கை எடுத்துவிட்டு சாதாரணத் தொகுப்பையே நிறுவுங்கள்’ என்பாரும் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. உலாவி என்பது முன்பின் தெரியாத தளங்களின் நிரல்களை நாள் முழுவதும் இயக்கும் செயலி. அது அடைப்புக்குள் இருப்பது நல்லது.

அனுமதி தருவது ஒரே வரி வேலை. ‘ஃபிளாட்பேக் ஓவர்ரைடு’ கட்டளைக்கு ‘யூசர்’ தெரிவையும், சாக்கெட்டின் பெயராக கப்ஸையும், கடைசியில் தொகுப்பின் பெயரையும் கொடுத்தால் முடிந்தது. முனையம் பழகாதவர்கள், ஃபிளாட்பேக் அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீல் செயலியில் ‘பிரிண்டிங் சிஸ்டம்’ என்பதை இயக்கினால் அதே பலன். ஒன்றில் கவனம் தேவை: சாளரத்தை மூடினால் போதாது. உலாவி பின்னணியில் இயங்கிக்கொண்டிருந்தால் பழைய அனுமதிகளுடனேயே தொடரும். ‘ஃபிளாட்பேக் கில்’ கொடுத்து முழுமையாக நிறுத்திவிட்டுத் திறந்தேன். முன்னோட்டத்தில் பிரிண்டரின் பெயர், இருபக்க அச்சுத் தெரிவு, தாள் அளவு எல்லாம் ஒழுங்காக வந்தன.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தில் இதே குணம் வேறு பெயரில் வரும். அங்கே குரோமியம் 19.10 பதிப்பிலிருந்தும், பயர்பாக்ஸ் 22.04இலிருந்து முழுமையாகவும், ஃபிளாட்பேக் போலவே அடைப்புக்குள் இயங்கும் ஸ்நாப் தொகுப்புகளாக வருகின்றன. ‘ஸ்நாப் கனெக்‌ஷன்ஸ்’ கட்டளையில் உலாவியின் பெயரைக் கொடுத்து, கப்ஸ் என்று தொடங்கும் வரி இருக்கிறதா, அதன் எதிரே இணைப்பு காட்டுகிறதா என்று பாருங்கள். வெறும் கோடு இருந்தால் ‘ஸ்நாப் கனெக்ட்’ கொடுக்க வேண்டும். சாதாரணத் தொகுப்பாக நிறுவிய பயர்பாக்ஸில் அடைப்பு ஒரு காரணமாகாது. கப்ஸ் நூலகம் நிறுவப்பட்டிருக்கிறதா என்பதை அங்கே பாருங்கள். பயர்பாக்ஸ் தொடங்கிய பிறகே அதைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் பிடிஎஃப் வரியை மட்டும் காட்டும். இந்த மௌனம்தான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ‘கப்ஸைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று ஒரு வரி காட்டினால் எத்தனையோ பேரின் மாலை நேரம் மிச்சமாகும்.

இதைக் கேள்விப்பட்டு அக்கா மகன் போனில் அழைத்தான். “மாமா, எனக்கும் அதேதான். மொபைலில் கொடுத்தால் அச்சாகிறது, லேப்டாப் உலாவியில் பிரிண்டரே இல்லை” என்றான். லிப்ரே ஆபீஸில் தெரிகிறதா என்று கேட்டேன். அதிலும் இல்லை. அப்படியானால் அவன் பிரச்சினை வேறு. உலாவியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. வலையமைப்புப் பிரிண்டர்கள் தங்களை அறிவிப்பது எம்டிஎன்எஸ் என்ற நெறிமுறை வழியாக, யுடிபி 5353ஆம் போர்ட்டில். லினக்ஸில் அதைக் கேட்டுச் சொல்வது அவாகி சேவை. அவாகி-பிரவுஸ் கட்டளையை இயக்கச் சொன்னேன். பிரிண்டர் எதுவும் வரவில்லை. ஃபயர்வாலில் எம்டிஎன்எஸ் திறந்துதான் இருந்தது. கடைசியில் பார்த்தால், லேப்டாப் ரூட்டரின் விருந்தினர் வைஃபையில் இருந்தது. மொபைலும் பிரிண்டரும் முதன்மை வைஃபையில். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிகளை மற்றக் கருவிகள் தெரியாதபடி ரூட்டர் பிரித்துவைப்பது வழக்கம். வைஃபையை மாற்றியதும் எல்லாச் செயலிகளிலும் பிரிண்டர் வந்துவிட்டது.

என் உலாவியின் ஃபிளாட்பேக் தொகுப்பைப் பராமரிப்பவர்களுக்கு, இரண்டு முனையங்களிலும் கிடைத்த வெளியீட்டை ஒட்டி, கப்ஸ் சாக்கெட் அனுமதியைத் தொகுப்பிலேயே சேர்க்கும்படி எழுதினேன். போர்ட் திறந்திருக்கும் கணினிகளில் குறை தெரியாமல் போகும் என்பதையும் குறிப்பிட்டேன். ஒரு புதுப்பிப்பில் அதைச் சேர்த்துவிட்டார்கள். ‘சாக்கெட்ஸ்’ வரியில் கப்ஸ் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, நான் போட்ட ஓவர்ரைடை ‘ரீசெட்’ கொடுத்து நீக்கிவிட்டேன். அதன் பிறகும் பிரிண்டர் பட்டியலில் இருக்கிறது.