பகல் பராமரிப்பு: கட்டடத்துக்கு முதல் கணக்கெடுப்பு

பிரதேச சபைப் பாதீட்டில் பகல் பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டடக் காசு கேட்க முதல், தேவையைக் கணக்கெடுக்கத் தனியாக ஒரு தொகை கேளுங்கோ. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று அறிய அலையத் தேவையில்லை. குடும்பநல உத்தியோகத்தரின் (ஊர் மருத்துவிச்சியின்) பதிவேட்டில் இருக்கு. எண்ணிக்கையை மட்டும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகக் கேட்கலாம்.

பிழைக்கிற இடம் வீட்டுக்கு வீடு போறதுதான். காலை 10 மணிக்குப் போனால் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவவும் வயலுக்குப் போனவவும் அம்பிடமாட்டினம். பிறகு 'தேவை குறைவு' என்று அறிக்கை வரும். பின்னேரம் 6 மணிக்குப் பிறகு, இல்லாட்டி ஞாயிறு போங்கோ. தை, மாசி அரிவுவெட்டு நேரம் இன்னொருக்காப் பாருங்கோ, கணக்கு மாறும்.

'நிலையம் வேணுமோ' என்றால் எல்லாரும் ஓம் என்பினம். 'நேற்றுக் காலை ஆறரைக்குப் பிள்ளை ஆரோட நிண்டது? முன்பள்ளி விட்டாப்பிறகு?' என்று கேளுங்கோ. 'அம்மம்மாவோட' என்றால் அவவின் வயதையும் வருத்தத்தையும் எழுதுங்கோ. பிள்ளையின் வயதை மாதத்தில் குறியுங்கோ. முன்பள்ளி எடுக்காத மூன்று வயதுக்குக் கீழ்தான் பெரிய இடைவெளி.

படிவம் ஒரு பக்கம் போதும். 10 வீட்டில் கேட்டுப் பார்த்துத் திருத்தின பிறகு அச்சடியுங்கோ. காசு பனருக்கும் சிற்றுண்டிக்கும் கரையாமல், வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போற ஆக்களின் பெற்றோலுக்குப் போகட்டும்.