காய்ந்த மணலும் நனைந்த மணலும்
மணல் மூட்டை அடுக்கினால் வெடியைத் தாங்கும் என்கிறோம். தாங்குவது எடை மட்டுமல்ல, மணலுக்குள் இருக்கும் காற்றும்தான். காய்ந்த, தளர்வான மணலில் அதிர்ச்சி அலை பாயும்போது மணிகள் உரசி, நொறுங்கி, நெருங்கி உட்காரும். அதிலேயே ஆற்றலில் பெரும்பங்கு செலவாகிவிடும். அலையும் நொடிக்குச் சில நூறு மீட்டர்தான் போகும். அதே மணல் முழுக்க நனைந்திருந்தால் கதையே வேறு. தண்ணீர் லேசில் அமுங்காதே! அலை நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில், அதிகம் தேயாமல் தூரம் போகும்.

நனைந்த மணல் உள்ள மண் அணைகளின் பக்கத்தில் வெடி வெடிப்பதை நினைத்தால்தான் எனக்குப் பயம். வெடியின் அழுத்தம் மில்லி நொடிகளில் அடங்கிவிடும். மணிகளுக்கு இடையே ஏறிய நீரழுத்தம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. தளர்வான மணல் அடுக்கு என்றால் கூழாக இளகி, கரை தாமதமாகக்கூடச் சரியலாம். உடனே போய்ப் பார்த்து ‘விரிசல் இல்லை’ என்று எழுதினால் போதுமா? மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரையும் பாருங்கள் ஐயா.