சிவப்பு நூல் கட்டிய கேபிள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. 2001இல் சேர்ந்தேன். அப்போது எங்கள் பிரிவுக்கு இடிபி என்று பெயர், இப்போது ஐடி. பெயர் மாறினாலும் காலையில் வந்து உட்கார்ந்ததும் காதில் விழுகிற பேச்சு மாறவில்லை. "அம்மிணி, சிஸ்டத்துல வைரஸ் ஏறிருச்சாட்ட இருக்குது, ஒரு எட்டு வந்து பாரு." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வைரஸாக இருக்காது. ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது யாரோ கீபோர்டில் தேநீரைக் கொட்டியிருப்பார்கள். ஆனாலும் முதலில் வாயில் வருகிற சொல் அதுதான். இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல் மனிதர்களை என்ன செய்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வைரஸ் செய்ததைவிட அந்தப் பயம் செய்ததுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

2002 மே மாதம். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், பிரிண்ட் எடுத்த மின்னஞ்சலைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். உங்கள் கம்ப்யூட்டரில் ஜெடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ என்ற கோப்பைத் தேடுங்கள், அதன் படம் ஒரு குட்டிக் கரடி பொம்மையாக இருக்கும், அது வைரஸ், எந்த ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்காது, 14 நாள் சும்மா இருந்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடும், உடனே நீக்கிவிட்டு உங்கள் முகவரிப் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் சொல்லுங்கள். இவ்வளவுதான் அதில் இருந்த செய்தி.

தேடினோம். இருந்தது. சாம்பல் நிறத்தில் குட்டிக் கரடி, சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே உட்கார்ந்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்து சிஸ்டத்தில் பார்த்தோம், அதிலும் இருந்தது. முதலாளியின் கம்ப்யூட்டரிலும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆபீஸில் இருந்த 14 கம்ப்யூட்டர்களிலிருந்தும் அதை நீக்கிவிட்டோம். ஜெர்மனியில் இருந்து எங்களிடம் சரக்கு வாங்குகிற பையரின் ஆபீஸ் வரைக்கும் எச்சரிக்கை போய்விட்டது. சாயங்காலம்தான் ஆன்டிவைரஸ் கம்பெனி ஒன்றின் தளத்தைப் பார்த்தேன். அது விண்டோஸோடு சேர்ந்தே வருகிற கோப்பு. ஜாவா நிரல் எழுதுகிறவர்களுக்குப் பிழை தேட உதவுவது. எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இருந்ததற்குக் காரணம், எல்லாரும் விண்டோஸ் வைத்திருந்ததுதான். எங்களிடம் ஜாவா எழுதுகிறவர் யாரும் இல்லை என்பதால் எதுவும் கெடவில்லை.

அதைப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸில் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரு இன்வாய்ஸில் பத்து பைசா வித்தியாசம் வந்தால் கண்டுபிடித்துவிடுகிறவர்கள். அந்த மின்னஞ்சல் அவர்களை வென்றதற்குக் காரணம், அது அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்தது. தேடு, பார், அழி, நாலு பேருக்குச் சொல். செய்து முடித்ததும் எல்லாரையும் காப்பாற்றிவிட்ட நிம்மதி. உண்மையான எச்சரிக்கை அப்படி எதையும் தருவதில்லை. "அப்டேட் போடுங்கள், பேக்கப் எடுங்கள்" என்றால் அது ஐடி ஆள் செய்ய வேண்டியது என்று விட்டுவிடுவார்கள். ஐடி ஆள் நான். நானும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற கம்ப்யூட்டர் புழு, தானாகவே பரவுகிற வைரஸ், வந்தபோது அப்படித்தான் ஆனது. விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை ஜூலை 16ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. ஆகஸ்ட் 11இல் புழு கிளம்பியது. நடுவில் 26 நாள். நான் போடவில்லை. நெட் இணைப்புக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் திரையின் நடுவில் ஒரு பெட்டி வரும். அதில் 60, 59, 58 என்று எண்கள் இறங்கும். பூஜ்யம் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி கிளம்பும். அந்த 60 விநாடிக்குள் ஒரு கட்டளையை அடித்து எண்ணுவதை நிறுத்த வேண்டும், அப்புறம் பேட்ச் போட வேண்டும். சிடி ஒன்றில் எழுதிக்கொண்டு மேசை மேசையாக ஓடினேன். அந்தப் பெட்டி வந்ததும் ஒரு அக்கா கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்ணுமே பண்ணலைங்க" என்றார். நான் அவரிடம் எதையும் கேட்டிருக்கவே இல்லை.

அந்தக் கைகளை அன்றைக்கே நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வானாக்ரை, கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கிற வைரஸ். சனி, ஞாயிறு முழுக்க டிவியில் அதே செய்தி. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின, ஆந்திர காவல்துறையின் சில கம்ப்யூட்டர்கள் மாட்டின, 300 டாலர் கேட்டு சிவப்புத் திரை வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் போனில் வாட்ஸ்அப் செய்திகள் நிற்கவில்லை. ஏடிஎம் எல்லாம் மூடப்போகிறார்கள், பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றது ஒன்று. எங்கள் முதலாளியே கூப்பிட்டு, "அம்மிணி, பேங்க் பணம் பத்திரமா இருக்குமா?" என்று கேட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்குப் போனேன். பேட்டர்ன் போடுகிற பிளாட்டர் மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டரில் அப்போதும் பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைவிட்ட எக்ஸ்பி. அதற்கும் அவசரமாக ஒரு பேட்ச் வெளியிட்டிருந்தார்கள். போட்டேன். மற்ற விண்டோஸ்களுக்கான பேட்ச் மார்ச் 14ஆம் தேதியே வந்திருந்தது. பாதி சிஸ்டங்களில் அதுவும் இல்லை. எல்லாவற்றையும் போட்டு முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. நாங்கள் தப்பித்தோம். அதற்குள் அந்தப் பரவலின் வேகத்தை, இங்கிலாந்தில் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், அந்த நிரலுக்குள் எழுதியிருந்த ஒரு இணைய முகவரியைப் பதிவு செய்து கட்டுப்படுத்தியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் யாரும் சிஸ்டத்தை ஆன் செய்யவில்லை. மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது எங்கள் ஜெனரல் மேனேஜர் எல்லாரையும் கூட்டி நிறுத்திப் பேசினார். கண்ட மெயிலைத் திறக்கிறவர்களால்தான் இதெல்லாம் வருகிறது, இனிமேல் யார் சிஸ்டத்தில் வைரஸ் வந்தாலும் சரிசெய்யும் செலவு அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றார். அதை நோட்டீஸாக அடிக்கச் சொன்னார். நான்தான் அடித்தேன். பெரிய எழுத்தில், தடித்த எழுத்தில் அடித்து, லேமினேட் செய்து டாக்குமென்டேஷன் பிரிவின் சுவரில் நானே ஒட்டினேன்.

வானாக்ரை யாரும் எதையும் திறந்ததால் பரவியது அல்ல. நெட்வொர்க்கில் திறந்து கிடந்த ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. பேட்ச் போட்டிருந்தால் வந்திருக்காது. அதாவது தவறு என்று ஒன்று இருந்தால் அது என் போன்றவர்கள் பக்கம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் நோட்டீஸ் அடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, சர்வரில் இருந்த எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறிக் கிடந்தன. பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், காஸ்டிங் ஷீட் எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டேன், வெதுவெதுவென்று இருந்தது. தினமும் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு அதை எப்போதும் சர்வரிலேயே மாட்டி வைத்திருந்தேன். அதற்குள் இருந்ததும் பூட்டப்பட்டுவிட்டது. ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அந்தக் குறிப்பையும் பூட்டப்பட்ட கோப்பு ஒன்றையும் ஏற்றிப் பார்த்தேன். எங்களுடையதற்குச் சாவி இல்லை என்றது. "கேக்கறதைக் கொடுத்துத் தொலைச்சிரலாமா?" என்று முதலாளி கேட்டார். கொடுத்தாலும் திரும்பி வரும் என்று உத்தரவாதம் இல்லை என்றேன். அவர் கொடுக்கவில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம். முதலாளி வீட்டுப் பீரோவில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. அதில் இருந்த நகல் 23 நாள் பழையது.

மத்தியானம் டாக்குமென்டேஷனில் இருந்த சின்னப் பெண் என் அறைக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"அக்கா, அது என்னோட சிஸ்டத்துல இருந்துதான் வந்திருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, 'திருத்திய பிஓ', அதாவது திருத்திய ஆர்டர், என்ற பெயரில் மெயிலில் ஒரு எக்செல் வந்திருக்கிறது. நாங்கள் வேலை செய்கிற பையர் பெயரைப் போலவே அனுப்பியவர் பெயர், ஒரு எழுத்துதான் வித்தியாசம். திறந்தாள். மேலே மஞ்சள் பட்டையில் அனுமதி கேட்டது, கொடுத்தாள். "கறுப்பா ஒரு பெட்டி வந்துட்டு உடனே போயிருச்சுக்கா. உள்ள ஆர்டர் எதுவும் இல்ல, வெறுமனே இருந்துச்சு."

"செவ்வாய்க்கிழமையேவா? ஏன் கண்ணு சொல்லல?"

அவள் பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தாள். நான் ஒட்டிய நோட்டீஸ் அங்கே இருந்தது.

செவ்வாய் 11 மணியிலிருந்து புதன் நள்ளிரவு வரைக்கும் எங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. அந்தக் கறுப்புப் பெட்டி வந்தபோது உள்ளே நுழைந்தது வாசல்கதவைத் திறந்து வைக்கிற ஆள் மட்டும்தான். கொள்ளை அடிக்கிறவர்கள் புதன் ராத்திரி சாவகாசமாக வந்தார்கள். அவள் சொல்லியிருந்தால் அவள் சிஸ்டத்தை நெட்வொர்க்கோடு இணைக்கிற லேன் கேபிளைப் பிடுங்கியிருப்பேன். அந்த ஒரு கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்து, பாஸ்வேர்டுகளை மாற்றியிருப்போம். அரை நாள் வேலை. அவளுடைய மாதச் சம்பளம் 9,000 ரூபாய். அதில் பிடித்தால் வீட்டில் என்ன சொல்வது என்று பயந்துகொண்டு ஒன்றரை நாள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள். சாப்பிடவில்லை என்று பிறகு பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

23 நாள் வேலையை ஃபைலில் இருந்த காகிதங்களைப் பார்த்தும், பையர்களின் மெயில்களைத் தேடியும் திரும்ப அடித்தோம். மெயில் வேறு இடத்தில் இருந்ததால் பிழைத்தது. அந்தப் பெண்தான் எல்லாரையும்விட அதிக நேரம் உட்கார்ந்தாள். அவள் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பேக்கப் டிஸ்க்கை மாட்டியே வைத்திருந்தது நான், நோட்டீஸ் அடித்ததும் நான், பிடிப்பதானால் முதலில் என்னிடம் பிடியுங்கள் என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். "நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டுரு" என்றார்.

2022 ஏப்ரலில் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. இம்மாதிரித் தாக்குதல் தெரியவந்தால் நிறுவனம் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று. செய்தியைப் படித்ததும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. நிறுவனம் 6 மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்னால் 9,000 ரூபாய் சம்பளக்காரி ஒருத்தி பயப்படாமல் எழுந்து வர வேண்டும். அதே வருஷம் நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, நாள்கணக்கில் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். அந்தச் செய்தி எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. 2025 மே மாதம் ஏடிஎம் இரண்டு மூன்று நாள் மூடப்போகிறது என்று வந்த பொய்யான செய்தியை மட்டும் 19 பேர் எனக்கு அனுப்பினார்கள். எண்ணிப் பார்த்தேன். அரசின் செய்திப் பிரிவான பிஐபியே பொய் என்று அறிவித்த பிறகும் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. அந்த 19 பேரில் பாதிக்கு மேல், "இது நிஜமாக்கா?" என்று கேட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

அந்தப் பழைய நோட்டீஸ் இருந்த இடத்தில் இப்போது என் போன் நம்பர் ஒட்டியிருக்கிறது. மேலே இரண்டே வரி: சந்தேகம் வந்தால் கேபிளைப் பிடுங்குங்கள். அப்புறம் கூப்பிடுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். எது லேன் கேபிள், எது பிரிண்டர் கேபிள் என்று எல்லாருக்கும் தெரியாது. அதனால் செக்‌ஷனிலிருந்து மீதி வந்த சிவப்பு நூல் கொஞ்சம் வாங்கி, ஒவ்வொரு சிஸ்டத்தின் லேன் கேபிளிலும் பிளக்குக்குப் பக்கத்தில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஷிப்மென்ட் நாளில், மாலை நாலு மணிக்குப் போன் வந்தது. பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த அக்கா. திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் மாதிரி சத்தம் வந்து, உங்கள் கம்ப்யூட்டர் பாதிக்கப்பட்டிருக்கிறது, இந்த நம்பரைக் கூப்பிடுங்கள் என்று வந்ததாம். பிடுங்கிவிட்டார். ஓடினேன். பார்த்தால் ஏதோ ஒரு தளத்தில் வந்த ஏமாற்று விளம்பரம், பிரவுசரை மூடினால் போய்விடுகிற சமாச்சாரம். நடுவில் பாதி ஏறிக்கொண்டிருந்த ஷிப்பிங் டாக்குமென்ட் அறுந்துபோய், ஏஜென்ட் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்த அக்கா பிடுங்கிய கேபிளைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"சரியாத்தானுங்க செஞ்சேன்?"

"சரியாத்தான் செஞ்சீங்க" என்று மேனேஜருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கேபிளை வாங்கிப் பார்த்தேன். இழுத்த வேகத்தில் நூல் நழுவியிருந்தது. திரும்ப இறுக்கிக் கட்டி, மாட்டிவிட்டு வந்தேன்.