நீயா, நீங்களா?

எட்டு மாசமா நான் பண்ண ஒரே ஆராய்ச்சி என்னான்னா, ஒருத்தன் என்னை எப்ப "நீ"ன்றான், எப்ப "நீங்க"ன்றான்ற கணக்கு. சிரிக்காதீங்க, நீங்களும் பண்ணிருப்பீங்க.

ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனி, நான் அக்கவுண்ட்ஸ், அவன் குவாலிட்டி. கம்பெனி பஸ்ல அவன் பாகாயத்துலயே ஏறிடுவான், நான் சத்துவாச்சாரி. அவனுக்கு முன் சீட்டு ஜன்னலோரத்துல பேக போட்டு வெச்சி யாரையும் ஒக்கார விடமாட்டான், நான் ஏறினதும் எடுத்துடுவான். எடுத்துட்டு என்ன சொல்வான்? "வாங்க, ஒக்காருங்க." கல்யாண மண்டபத்து வாசல்ல சந்தனம் குடுக்கறவன் மாதிரி.

அதே ஆளு ராத்திரி வாட்ஸப்ல "சாப்ட்டியா", "இன்னும் தூங்கலயா நீ", ஒரு தடவ "லூசு"ன்னு கூட. அந்த லூசுக்கு நான் ரெண்டு நாள் தரையில நடக்கல. மூணாவது நாள் மெசேஜே இல்ல, என் ஸ்டேட்டஸ மட்டும் பாத்துட்டுப் போறான், நாலாவது நாள் "குட் மார்னிங் மேடம்". மேடமாம்.

அப்பறம் இந்த "ம்மா". "சரிம்மா", "பாத்து போம்மா". இத எந்தக் கணக்குல எழுதறது? ஃப்ரெண்டுகிட்ட கேட்டா "அது பாசம்டி"ன்றா, ஆனா கேன்டீன் அக்காவையும் "கொழம்பு ஊத்தும்மா"ன்றான், அந்தக்காவுக்கு அம்பது வயசு. நம்ம ஊர்ல அந்த "ம்மா" பொண்டாட்டிக்கும் போவும், தங்கச்சிக்கும் போவும், பூக்காரிக்கும் போவும், அத நம்பி ஒண்ணும் பண்ண முடியாது.

தீபாவளிக்கு ஆற்காட்டுல இருந்து மக்கன் பேடா வாங்கினு வந்து பஸ்ஸுக்கே குடுத்தான், எனக்கு மட்டும் தனியா ஒரு டப்பா. வீட்டுக்கு வந்து பிச்சிப் பாத்தா உள்ள முந்திரி திராட்ச, எல்லா மக்கன் பேடாவுலயும் இருக்கறதுதான், ஆனா எனக்கென்னமோ எனக்கோசரம் வெச்ச மாதிரி இருந்துச்சி. இப்ப யோசிச்சா அங்கதான் தப்பு. அந்த டப்பாவ மனசுல எழுதி வெச்சேன், அடுத்த வாரம் நான் ஜுரத்துல மூணு நாள் லீவு போட்டப்ப அவன் ஒரு வார்த்த கேக்காதத எழுதவே இல்ல. அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவ, வரவ மட்டும் எழுதிட்டு செலவ விட்டா ஆடிட்டர் மூஞ்சி எப்டி போவும்னு தெரியாதவளா நான்?

கடைசில நேராவே கேட்டுட்டேன். பொங்கல் லீவுல நாலஞ்சி பேரா வேலூர் கோட்டைக்குப் போயிருந்தோம், மத்தவங்க ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ள, நாங்க ரெண்டு பேரும் அகழி ஓரமா. எங்க ஊர வெச்சி ஒரு கிண்டல் உண்டு, ராஜா இல்லாத கோட்ட, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. அந்தக் கோயிலுக்கே 1981ல லிங்கம் வந்துடுச்சி, பாலாறு கூட 2021 நவம்பர்ல கரைய முட்டினு ஓடுச்சி, இவன் வாயில இருந்து மட்டும் பதில் வரல. ரொம்ப நேரம் கழிச்சி சொன்னான்:

"எனக்கே தெரியலங்க. வீட்ல பொண்ணு பாத்துனு இருக்காங்க... ஆனா உன்கிட்ட பேசாம இருக்க முடில."

கவனிச்சீங்களா, "தெரியலங்க"ல ஆரம்பிச்சி "உன்கிட்ட"ல முடிச்சான், ஒரே மூச்சுல. எனக்கு கோவம் கூட வரல. அவன்கிட்டயே இல்லாத பதிலத்தான் எட்டு மாசமா நான் அந்த "ங்க"வுலயும் "ம்மா"வுலயும் தேடினு இருந்திருக்கேன். தெரிஞ்சதும் சொல்லுங்க, அதுவரைக்கும் ராத்திரி மெசேஜ் வேணாம்னு சொல்லிட்டு, நானும் உள்ள போய் சாமி கும்புட்டு வந்தேன்.

லீவு முடிஞ்சி பஸ் ஏறினா அதே ஜன்னல் சீட்டு, அதே பேக்கு. நான் போய் கேன்டீன் அக்கா பக்கத்துல ஒக்காந்துட்டேன். மேல்விஷாரம் தாண்டல, அதுக்குள்ள ஃபோன் அதிருது.

"என்னாச்சி?"

நீயும் இல்ல, நீங்களும் இல்ல.